தீர்ப்பு தேடுகிறீர்களா? சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: என் தந்தை 2003-இல் காலமானார். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா என்று, தீர்ப்புகளைத் தேட உதவும் இந்தியன் கானூன் இணையதளத்தில் தேடினேன். தீர்ப்புகள் வந்து குவிகின்றன. எதைப் படிப்பது?

பதில்: உங்கள் கதையைத் தேடல் பெட்டியில் எழுதாதீர்கள், அம்மா. சட்டத்தின் பெயர், பிரிவு எண், தீர்ப்புகளில் புழங்கும் சொல் ஆகிய மூன்றும் போதும். உங்களுக்கு அவை இந்து வாரிசுரிமைச் சட்டம், 6-ஆம் பிரிவு, 'கோபார்சனர்' (பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்குரிமை உள்ளவர்). ஆங்கிலத்தில் இடுங்கள், சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். உச்ச நீதிமன்றத்தை மட்டும் தேர்ந்து, புதியவை முதலில் வரும்படி அடுக்குங்கள்.

அந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், 2015-இல் வந்த 'பிரகாஷ் எதிர் பூலாவதி' தீர்ப்பு, மகளையும் கோபார்சனர் ஆக்கிய சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்த 9.9.2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்றது. அதோடு நிறுத்தியிருந்தால் ஆசையை விட்டிருப்பீர்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று 'வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா' வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளிவிட்டது: உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை முடிந்திருந்தால் நிலைமை வேறு. அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: சட்ட மாணவன் நான். ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று எப்படி அறிவது, ஐயா?

பதில்: தேடுவதைவிட இதுதான் பெரிய வேலை, பலரும் இதைச் செய்வதே இல்லை. இந்தியன் கானூன் தளத்தில் ஒவ்வொரு தீர்ப்பின் மேலேயும், அதை மேற்கோள் காட்டிய பிற்காலத் தீர்ப்புகளுக்கு இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, நீதிபதிகள் அதிகம் உள்ள பெரிய அமர்வின் தீர்ப்புகளை முதலில் பாருங்கள்.

நாடாளுமன்றமே சட்டத்தை மாற்றிவிட்டால் அந்த இணைப்பை மட்டும் நம்ப முடியாது. உதாரணமாக, பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கான வழக்கை எங்கே தொடுப்பது என்பதில் 2014-இன் 'தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட்' தீர்ப்பு, காசோலை கொடுத்தவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரைச் சொன்னது. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின், கணக்கில் செலுத்திய காசோலைக்கு, பெறுபவரின் கணக்கு உள்ள கிளையின் எல்லையில்தான் வழக்கு. எனவே தீர்ப்பின் பக்கத்தில் இன்றைய சட்டப் புத்தகமும் திறந்திருக்கட்டும்.

கேள்வி: 482 என்று தேடினால் முன்ஜாமீனும் வருகிறது, வழக்கை ரத்து செய்வதும் வருகிறது. குழப்பமாக இருக்கிறதே?

பதில்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்; வழக்கை ரத்து செய்வது அதன் கீழ்தான். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே எண் முன்ஜாமீனுக்கு. முன்ஜாமீனுக்குப் பழைய எண் 438. உள்ளார்ந்த அதிகாரத்துக்குப் புதிய எண் 528. எண்ணோடு சட்டத்தின் பெயரையும் இட்டு, பழையது, புதியது இரண்டிலும் தேடுங்கள்.

கேள்வி: பணம் கட்டித்தான் தேட வேண்டுமா?

பதில்: ஒரே வழக்குக்காக என்றால் வேண்டாம். உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளைத் தேட 2023 ஜனவரியில் இ-எஸ்சிஆர் தளத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்களின் பலம் அவற்றின் தலைக்குறிப்புகளும் தொகுப்பும். தலைக்குறிப்பு என்பது தீர்ப்பின் தலையில் வரும் சுருக்கம், பதிப்பாசிரியர் எழுதுவது. நீதிபதியின் வாக்கியம் என்று எடுத்துக்காட்டிவிடாதீர்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலி எனக்குச் சாதகமாகச் சில தீர்ப்புகளை எண்ணோடு தந்தது. வழக்கறிஞரிடம் கொடுக்கலாமா?

பதில்: ஒவ்வொன்றின் முழுத் தீர்ப்பையும் நீங்களே கண்டெடுத்த பிறகு கொடுங்கள். நியூயார்க்கில் 'மாட்டா எதிர் ஏவியாங்கா' வழக்கில், இப்படிச் செயலி தந்த, உண்மையில் இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு உண்மையாக இருந்து, அதில் அந்தக் கருத்தே இல்லாமல் போவதும் உண்டு. இது இன்னும் மோசம், ஏனென்றால் பெயரை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். சம்பந்தப்பட்ட பத்தியைப் படித்தே ஆக வேண்டும்.

கேள்வி: என் சொந்த வழக்கின் நிலவரம்?

பதில்: அதற்கு இ-கோர்ட்ஸ் தளம். எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) இட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும்.