12 வயதுப் பையன், வாரம் ஏழு நாளும் கால்பந்துப் பயிற்சி. காயம் வராமல் எப்படித் தடுப்பது?

மகனுக்கு நல்ல ஷூ வாங்குவதா, முழங்காலுக்கு உறை போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஏழு நாளைக் குறையுங்கள்.

என் மகள் ஓட்டப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்போது 12தான். முழங்கால் வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று தைலத்தைத் தேய்த்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடியும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஒருநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். உட்காரவைத்துப் பார்த்தால் முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு புடைப்பு. விரல் பட்டதுமே காலை இழுத்துக்கொண்டாள். இது ஆஸ்குட் ஷ்லாட்டர், வளரும் பிள்ளைகளுக்கு வரும் முழங்கால் பாதிப்பு என்றார் மருத்துவர்.

அவள் எங்கேயும் விழவில்லை, யார் மேலும் மோதவில்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் இறுகாத குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது, சுற்றியுள்ள தசைநாரைவிட அதுதான் பலவீனமான இடம், ஒவ்வொரு ஓட்டத்திலும் குதிப்பிலும் தொடைத் தசை அங்கேதான் பிடித்து இழுக்கிறது. உயரம் கிடுகிடுவென்று கூடும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை இறுகிப்போகும், இழுப்பு இன்னும் அதிகமாகும். உங்கள் மகன் குதிகால் வலிக்கிறது என்றாலும் இதே கதைதான், அதற்கு சீவர் என்று பெயர்.

வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, ஆண்டில் 2 அல்லது 3 மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகி வேறு ஏதாவது விளையாடுவது, இதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்லும் அளவு. வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது என்றும் ஒரு கணக்கு உண்டு, உங்கள் மகனுக்கு 12 மணி நேரம். கோச்சிடம் தயங்காமல் பேசுங்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வார்ம் அப் என்ற பெயரில் இரண்டு சுற்று ஓடவிடுவது போதாது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஃபிஃபா 11+ கிட்ஸ் என்று ஒரு பயிற்சி முறை இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பது, முழங்கால் உள்ளே சாயாமல் தரையிறங்குவது, விழுந்தால் எப்படி விழுவது, எல்லாம் அதில் உண்டு. அப்புறம் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியோ என்று லேசாகச் சந்தேகம் வந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மருத்துவர் பார்க்காமல் திரும்ப இறக்க வேண்டாம்.

வலிக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள், அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் நான் இப்போதெல்லாம் கேட்பதோடு விடுவதில்லை. காலையில் அவள் படி இறங்கும்போது கீழே நின்று பார்க்கிறேன்.