பாசியிலும் பட்டாணியிலும் புரதம் எடுக்கும் துறை: மகளை அனுப்பலாமா?

செடியிலிருந்தும் பாசியிலிருந்தும் உணவுக்கான புரதம் எடுக்கும் துறைக்குத்தான் போவேன் என்று மகள் சொல்கிறாள், இதில் வேலை நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். இந்தத் துறையில் புதுப்புது நிறுவனங்கள் தொடங்குகின்றன, சில மூடவும் செய்கின்றன. ஆனால் அவள் கற்கப்போகும் வேலை அந்த நிறுவனங்களை மட்டுமே நம்பி இல்லை.

பட்டாணியை எடுத்துக்கொள்வோம். மாவாக அரைத்து, சற்றுக் காரத்தன்மையுள்ள நீரில் கலக்கினால் புரதம் கரையும். கரையாத நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுழலும் கருவியில் பிரித்துவிட்டு, அமிலம் சேர்த்து, புளிப்பையும் காரத்தன்மையையும் காட்டும் பிஎச் அளவை 4.5 அருகே கொண்டுவந்தால் புரதம் திரிந்து படியும். அதைக் கழுவி, மறுபடி கரைத்து, ஸ்ப்ரே டிரையரில், அதாவது சூடான காற்றில் தூவி உலர்த்தும் கருவியில் உலர்த்தினால் 80 சதவீதம் அளவுக்குப் புரதம் உள்ள பொடி கிடைக்கும். கரைப்பது, பிரிப்பது, உலர்த்துவது எல்லாம் பால் பவுடர், ஸ்டார்ச், என்சைம் தயாரிக்கும் ஆலைகளிலும் நடக்கிற வேலைகள்தான். ஒரு கம்பெனி போனாலும் கற்ற வேலை கூடவே வரும்.

பாசி இன்னும் கடினம். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஆர்வம் அதிகம். ஸ்பைருலினா என்ற பாசியை உலர்த்தினால் அதில் 55 முதல் 70 சதவீதம் வரை புரதம் இருக்கிறது. ஆனால் திறந்த குளத்தில் வளர்த்தால் ஒரு லிட்டர் நீரில் உலர் எடையாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிராம்தான். நீரை விலக்குவதே பெரிய செலவு. குளோரெல்லா என்ற இன்னொரு பாசியின் செல் சுவரோ லேசில் உடையாது. உயர் அழுத்த ஹோமோஜெனைசர் போன்ற கருவியால் உடைத்தால்தான் புரதம் வெளியே வரும். அளப்பதிலும் சிக்கல் உண்டு. புரதத்தில் நைட்ரஜன் இருப்பதால், மொத்த நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்வது வழக்கம். பாசியில் நியூக்ளிக் அமிலத்திலும் பச்சையத்திலும் கூட நைட்ரஜன் இருப்பதால், அந்தக் கணக்கு புரதத்தைக் கூட்டிக் காட்டும்.

அப்புறம் நிறம், வாடை, கசப்பு. புரதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தண்ணீரில் கரையாமலோ வாயில் மணல்போலவோ இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். திறமையான ஆட்கள் அதிகம் தேவைப்படுவது இங்கேதான் என்பது என் கருத்து.

சரி, என்ன படிக்கலாம்? இளநிலையிலேயே 'மாற்றுப் புரதம்' என்ற குறுகிய பெயருள்ள படிப்பில் சேர்க்க வேண்டாம். இயந்திரமும் கணக்கும் பிடித்தால் கெமிக்கல் இன்ஜினியரிங். சுவையும் பதமும் பிடித்தால் ஃபுட் டெக்னாலஜி. மூலக்கூறுகளில் மனம் போனால் உயிர்வேதியியல். கடைசியாகச் சொன்னதை எடுத்தால் முதுநிலையும் படிக்க வேண்டியிருக்கலாம், அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பாசி, பட்டாணி என்று குறிப்பாக இறங்குவதை முதுநிலையில் வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, சோதனைக்கான சிறிய ஆலை (பைலட் பிளான்ட்) இருக்கிறதா, அதில் இளநிலை மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று இரண்டையும் கேளுங்கள். முடிந்தால் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.