பெரிய விலங்கை வேட்டையாட, சிறு காலிபர் ரைபிளுக்கு எந்தக் குண்டு சரி?

காலிபர் என்பது குழலின், அதில் போகும் குண்டின் விட்டம். 6.5 மி.மீ., 7 மி.மீ. எல்லாம் சிறிய பக்கம். இதில் முக்கியம் குண்டின் நீளமும் உறுதியும்தான்.

நம் டெல்டாவில் கோடையில் இறுகிக் கிடக்கும் வயலில் களிமண் உருண்டையை எறிந்தால் மேலேயே சிதறும். கடப்பாரையைக் குத்தினால் இறங்கும், ஏனென்றால் மெல்லிய முனைக்குப் பின்னால் மொத்தக் கனமும் நிற்கிறது. எடை குறைந்த, மென்மையான குண்டு உருண்டை மாதிரி. தோளெலும்பிலேயே உடைந்துபோகும், விலங்கு காயத்தோடு ஓடி அவதிப்படும். (அதுதான் பெரிய கொடுமை.) அதனால் அந்தக் காலிபரில் கிடைப்பதிலேயே நீளமான, கனமான குண்டுதான் சரி; அதுவும் முழுச் செம்பாலானது, அல்லது உள்ளே இருக்கும் ஈயம் வெளி உறையோடு பிரியாமல் ஒட்டவைக்கப்பட்டது. ஸ்வீடனில் மூஸ் (மிகப் பெரிய மான் இனம்) வேட்டைக்கு 6.5 மி.மீ. ரைபிளில் சுமார் 10 கிராம் குண்டு போடுவது பழைய வழக்கம்.

இதெல்லாம் உரிமத்தோடு வேட்டை நடக்கும் நாடுகளுக்கு. கோடியக்கரை வெளிமானைத் தொட்டால் 1972 வனவிலங்குச் சட்டப்படி சிறைதான்.

அப்புறம், ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய 'கரமோஜோ' பெல் 7 மி.மீ. ரைபிளால் யானைகளையே வீழ்த்தினாரே என்பார்கள். அவர் பட்டதும் விரியாத கெட்டிக் குண்டால் மூளையைக் குறிவைத்தவர், எந்தச் சிறு குண்டும் போதும் என்பதற்கு அது சாட்சி இல்லை.