தோல் சிவக்கவில்லை, கொப்புளம் மட்டும் ஏன்?

கேள்வி: எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டுதான் வெளியே போகிறேன். தோல் சிவப்பதில்லை, எரிவதில்லை. ஆனாலும் நாள் முழுக்க வெயிலில் அலைந்தால் சில நாளில் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்பிவிடுகிறது. க்ரீம் போலியா? எஸ்.பி.எஃப். 100 வாங்கிவிடலாமா?

பதில்: இதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. முதலில் ஒன்று: உதட்டுக்கும் பூசினீர்களா? முகமெல்லாம் பூசிவிட்டு உதட்டை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ் வேலை. ஒருமுறை உள்ளே வந்தால் நரம்பில் பதுங்கிக்கொள்ளும். அதைத் தட்டி எழுப்புவதில் வெயிலுக்கு நல்ல பங்கு உண்டு. நம் மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்று காவல்காரர்கள் இருக்கிறார்கள். 1868இல் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டபோது, கிளைவிட்ட உருவத்தைப் பார்த்து நரம்பு செல் என்றே நினைத்துவிட்டார். புற ஊதாக் கதிர் பட்டால் இவை குறைந்துபோகின்றன. தோலில் உள்ள யூரோகானிக் அமிலமும் வடிவம் மாறி, நோய் எதிர்ப்பை அடக்கச் சொல்லும் சமிக்ஞையாகிறது. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு மருத்துவர்கள் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி கொடுப்பதும் இந்த அடக்கும் குணத்தை நம்பித்தான்!

சிக்கல் என்னவென்றால், தோல் சிவக்கும் அளவுக்கு முன்பே இந்த அடக்கம் தொடங்கிவிடலாம். எஸ்.பி.எஃப். என்பதோ சிவப்பை மட்டும் வைத்துப் போட்ட எண். அதுவும் ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. நாம் அதில் பாதிகூடப் பூசுவதில்லை.

அதனால் எஸ்.பி.எஃப். 100க்குப் பணத்தை இறைக்காதீர்கள். சிவக்க வைக்கும் கதிரில் 30 சுமார் 97 சதவீதத்தையும் 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும்; அதற்கு மேல் கூடுவது கொஞ்சம்தான். அட்டையில் யு.வி.ஏ. (தோலில் ஆழமாக இறங்கும் புற ஊதாக் கதிர்) பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள்: வட்டத்துக்குள் யு.வி.ஏ. முத்திரை, அல்லது பி.ஏ. என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள். கூட்டல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. 'தோலின் எதிர்ப்புசக்தியைக் கூட்டும்' என்ற வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், எஸ்.பி.எஃப். எண் அதற்குச் சாட்சி இல்லை.

அப்புறம், எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம் ஒன்று தனியாக வாங்குங்கள். சாப்பிட்டாலும் குடித்தாலும் அழிந்துவிடும், திரும்பப் பூச வேண்டும். அப்படியும் அடிக்கடி வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். வெயிலில் போகும் முன்பே எடுத்துக்கொள்ள வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு.