வளரும் நாடுகளின் பள்ளிகளை இணையம் வழியாக இணைத்துக் கூட்டாகக் கற்க வைப்பது உண்மையில் பயன் தருமா?

பயன் தரும். யாரோடு இணைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

"எங்கள் பள்ளிக்கு ஒரு வெளிநாட்டுப் பள்ளியைப் பிடித்துத் தருவதாக ஒரு அமைப்பு சொல்கிறது, ஒப்புக்கொள்ளலாமா, செலவு எவ்வளவு ஆகும்" என்று கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருப்பதைப் பார்த்தால், நீங்களும் ஆசிரியர்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதுவும் அரசுப் பள்ளி ஆசிரியர். தனியார் பள்ளி என்றால் இந்நேரம் வாசலில் பேனர் கட்டியிருப்பார்கள், கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். தமிழ்வழி. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளிக்கு இன்டர்நெட் ஒரு கேடா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆதரவு வாக்கு குவிந்திருக்கிறது. தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, மனு எழுதிக் கை ஓய்ந்தவன்தான். ஆனால் தண்ணீர் வரும்வரை எங்கள் பிள்ளைகள் உலகத்தோடு பேசக் கூடாது என்று சொல்ல அவர் யார்? அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. பனிப்போர் முடியும் முன்னரே, 1988இல், நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியாக இணைத்துத் தொடங்கியதுதான் ஐஎர்ன் என்ற பள்ளிகளின் வலையமைப்பு. 1997இல் உலக வங்கி, பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் வேர்ல்ட் லிங்க்ஸ் என்ற திட்டத்தை உகாண்டாவில் ஆரம்பித்தது. எனக்கு யோசனை தந்தது ஐஎர்னில் நடக்கும் 'கற்றல் வட்டம்' என்ற முறை. ஆறு முதல் எட்டு வகுப்புகள் சேர்ந்து ஒரு வட்டம். ஒவ்வொரு வகுப்பும் தன் கேள்வி ஒன்றை நடுவில் வைக்கும், மற்ற வகுப்புகள் தத்தம் ஊரிலிருந்து அதற்கு விஷயம் திரட்டி அனுப்பும், பருவம் முடியும்போது எல்லாவற்றையும் தொகுத்து வெளியிடுவார்கள். நேரலை வீடியோ கட்டாயமில்லை. எழுதி அனுப்பினால் போதும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் எங்களுக்கு முதலில் வாய்த்தது இது இல்லை. மேலிருந்து ஓர் ஏற்பாடு வந்தது. ஐரோப்பாவில் ஒரு வசதியான பள்ளி, பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் ஆளுக்கொரு டேப்லெட், இந்தப் பக்கம் ஒரே லேப்டாப் முன்னால் வகுப்பு முழுதும். வீட்டில் மின்சாரம் இருக்கிறதா, பள்ளிக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். பிறகு ஒரு பார்சல் வந்தது, பென்சிலும் கலர் ஸ்கெட்சும். பிரித்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நம்மகிட்ட இருந்து அவங்க கத்துக்க ஒண்ணுமே இல்லையா சார்?"

அந்த ஐரோப்பியப் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுக்கு யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் கொடுக்கவும் மறுபக்கம் வாங்கவும் மட்டுமே என்றால் அதற்குப் பெயர் கூட்டுக் கற்றல் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வாய்ப்பு நானே தேடிக்கொண்டது. ஆசிரியர்களுக்கான ஓர் இணையப் பயிற்சியில் என் குழுவில் கிழக்கு உகாண்டாவின் சொரோட்டிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரும் அறிவியல், அவருக்கும் நெரிசலான வகுப்பு. பேச்சுவாக்கில் அவர்கள் ஊரில் என்ன விளையும் என்று கேட்டேன். சொன்ன பட்டியலில் முதலில் இருந்தது கேழ்வரகு.

எங்கள் ஊரில் அதை ராகி என்போம். தமிழ்நாட்டில் ராகி என்றாலே எங்கள் பக்கம்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறவர்கள் நாங்கள். ஆனால் காட்டுச் செடியாக இருந்த அதை முதலில் பயிராக்கியது உகாண்டா முதல் எத்தியோப்பியா வரையிலான கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. இதை வகுப்பில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அந்த ஆசிரியை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுப் படம் அனுப்பினார். மரவள்ளி மாவும் ராகி மாவும் கலந்து கிளறிய உருண்டை. எங்கள் களிதான், நிறம்கூட மாறவில்லை. சில வீடுகளில் அதில் புளி சேர்ப்பார்களாம். "அங்க ஏது சார் புளி?" என்றான் ஒருவன். புளியமரத்துக்கும் தாய்நிலம் ஆப்பிரிக்காதான் என்றேன். அன்று வகுப்பு கிட்டத்தட்டக் கலவரமானது. ராகியும் நம்மது இல்லை, புளியும் நம்மது இல்லை என்றால் அப்புறம் என்னதான் சார் நம்மது?

அப்போதுதான் கேள்விகள் தானாகக் கிளம்பின. நாங்கள் ஆடியில் மழை பார்த்து விதைத்துக் கார்த்திகை மார்கழியில் அறுக்கிறோம். அவர்கள் மாசி பங்குனியில் விழும் முதல் மழைக்கு விதைக்கிறார்கள். ஏன்? நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் ஏன் வருகிறது என்பதைப் பாடப்புத்தகத்திலிருந்து நடத்தியிருந்தால் பாதி வகுப்பு தூங்கியிருக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டிலை வெட்டி மழைமானி செய்து தினமும் அளந்து அனுப்பினார்கள். அவர்கள் விதையைக் கையால் வீசித் தெளிக்கிறார்கள், நாங்கள் வரிசையில் விதைத்து நடுநடுவே அவரைக்குச் சால் விடுகிறோம். வரிசையில் போட்டால் களையெடுப்பது சுலபமா என்று கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அம்மாக்களைக் கேட்டு வந்து பதில் சொன்னார்கள். களையெடுப்பது இரண்டு ஊரிலும் அம்மாக்கள்தானே.

அவர்கள் ஒரு களையின் படம் அனுப்பினார்கள். ஊதாவும் இளஞ்சிவப்புமாக அழகான பூ. ஸ்ட்ரைகா என்பார்கள். பார்க்கத்தான் அழகு, மண்ணுக்குள் பயிரின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சிவிடும், பயிர் காய்ந்துபோகும். ஒட்டுண்ணித் தாவரம் என்பதற்கு இனி எங்கள் வகுப்புக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

பதிலுக்கு நாங்கள் அனுப்பியது யானை. ராகி முற்றும் காலத்தில் பன்னர்கட்டாக் காட்டுப் பக்கத்திலிருந்து கூட்டமாக இறங்கிவரும். எங்கள் பையன்கள் அப்பாவோடு பரணில் இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு, காலையில் முதல் பீரியடில் தலைசாய்ப்பார்கள். அதை ஒருவன் ஆங்கிலத்தில் எழுதினான். இலக்கணம் எல்லாம் பார்க்காதீர்கள், நானும் பார்க்கவில்லை. படித்துவிட்டு அங்கிருந்து சரமாரியாகக் கேள்வி. அவர்கள் ஊரில் பயிருக்குக் குருவிதான் எதிரியாம். காவலுக்குப் பிள்ளைகள் போவதால் பள்ளிக்கு வர முடியாமல் போவது மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று. ஐரோப்பியப் பள்ளிக்கு அதை எழுதியிருந்தால் பாவம் என்றிருப்பார்கள். இவர்கள் "நீங்கள் என்ன சத்தம் எழுப்புவீர்கள்?" என்று கேட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் ஊரில் இப்போது ராகி குறைந்துகொண்டே வருகிறது. தக்காளியும் ரோஜாவும் போட்டால் கைக்குக் காசு. இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் பெங்களூரு. அங்கே மாலில் ராகி பிஸ்கட் ஒரு சின்னப் பாக்கெட் விலையைக் கேட்டேன், எங்கள் ஊரில் அந்தக் காசுக்குச் சில கிலோ ராகியே வரும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் எத்தனை கருத்தரங்கு, எத்தனை கண்காட்சி! ஆனால் விளைவிக்கிறவன் பிள்ளை டிபன் பாக்ஸில் களி கொண்டுவர வெட்கப்படுகிறான். உகாண்டாப் படம் வந்த பிறகு சில நாள் கொண்டுவந்தார்கள். சரி, விடுங்கள்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹைடெக் லேப் எதுவும் நாங்கள் பயன்படுத்தவில்லை. என் போன், உகாண்டா ஆசிரியையின் போன், வாட்ஸ்அப். குரல் பதிவு, படம், எழுதிய தாளின் போட்டோ. 2016இல் ஜியோ வந்த பிறகு எனக்கு டேட்டா ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு அப்படியில்லை. 2018 ஜூலையில் உகாண்டா அரசு வாட்ஸ்அப், பேஸ்புக் போன்றவற்றுக்கு நாள் வரி போட்டது. ஒரு நாளைக்கு 200 ஷில்லிங், அன்றைய மதிப்பில் நம் நாலு ரூபாய் சுமார். டேட்டா காசு தனி. அதனால் அந்த வரி இருந்தவரை அவர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வரி கட்டித் திறப்பார், நாங்கள் எல்லாவற்றையும் அந்த நாளுக்குச் சேர்த்துவைப்போம். ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் நன்றாக யோசித்துக் கேட்கிறார்கள் என்பது நான் எதிர்பாராத லாபம். 2021 ஜனவரித் தேர்தலின்போது அங்கே இணையத்தையே நிறுத்தினார்கள். அதற்கு முன்பே, 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிவிட்டார்கள். முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில்தான். உலகத்திலேயே நீண்ட பள்ளி அடைப்புகளில் அது ஒன்று. திறந்தபோது அவருடைய வகுப்பில் பல பெண்கள் கையில் குழந்தையோடு வீட்டில் இருந்தார்கள். எங்கள் வகுப்பிலும் சிலருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. இதையும் நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் பேசிக்கொண்டோம், பிள்ளைகளிடம் கொண்டுபோகவில்லை.

மதிப்பெண் ஏறியதா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். ஏறியது என்று நான் சொல்லமாட்டேன். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ஸ்ட்ரைகாவும் வராது, சொரோட்டியும் வராது. ஆங்கிலத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் குரல் பதிவில் பேசினார்கள், எதிரே இருப்பவர்களுக்கும் அது வீட்டு மொழி இல்லை என்பதால் கூச்சம் விட்டுப்போனது. எனக்கு அது போதும்.

ஆகவே அந்த அமைப்பு பணக்கார நாட்டுப் பள்ளியைக் காட்டினால், நேபாளமோ கென்யாவோ இலங்கையோ இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். உங்கள் ஊரில் விளைவதோ நெய்வதோ பிடிப்பதோ அந்த ஊரிலும் இருந்தால் இன்னும் நல்லது. "வாரம் ஒரு போட்டோ, மாதம் ஓர் அறிக்கை" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். ஏற்கெனவே மரம் நட்டாலும் போட்டோ, கை கழுவினாலும் போட்டோ என்று இருக்கிறோம்.

கிழக்கு ஆப்பிரிக்கா கிடைத்தால் நேரம் பிரச்சினை இல்லை. நமக்குப் பன்னிரண்டரை என்றால் அங்கே காலை பத்து. நாட்காட்டியைத்தான் கவனிக்க வேண்டும். உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது, நடுவில் ஆகஸ்ட் கடைசியில் ஒரு விடுமுறை. அவர்கள் திரும்பி வரும்போது நமக்குக் காலாண்டுத் தேர்வு. ஆகவே ஜூன் பாதியில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவில் முடிகிற மாதிரி ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். பத்தாம் வகுப்பைத் தொடாதீர்கள், எட்டும் ஒன்பதும் சரி.