நீர் விளையாட்டுப் படகை ஒரு பருவத்தில் எத்தனை முறை கடலில் இறக்க முடியும்?

பருவம் என்பது காற்றும் அலையும் சிறு படகுக்கு இடங்கொடுக்கும் மாதங்களைக் குறிக்கும். இராமநாதபுரக் கரையில் அதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடா கொந்தளிக்க, நிலம் மறைத்து நிற்பதால் வடக்கே அரியமான் கடற்கரைப் பக்கத்துப் பாக் விரிகுடா பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். ஆகவே படகை ஒரே கரையில் கட்டிவைப்பவருக்கு, வடகத்துக்கு மாவு கிளறிவைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பவரைப் போல, விடுமுறையும் அமைதியான கடலும் ஒன்றுசேரும் சில நாட்களே வாய்க்கின்றன. குறைவாக ஓடும் படகுக்குப் பராமரிப்பும் குறைவு என்று பலர் எண்ணுவது தவறு. நன்னீரில் கழுவாமல் நிறுத்திவைத்தால், எஞ்சினின் நீர்வழிகளில் உப்பு படிந்து இறுகும், தொட்டியில் கிடக்கும் பெட்ரோலும் கெடும்.