'வேலை உறுதி' என்று சொல்பவரிடம் கம்பனியின் பெயரைக் கேளுங்கள்

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் தோட்டமொன்றில் வசிக்கிறேன். இலத்திரனியலில் டிப்ளோமா முடித்தவன். கொழும்பில் ஃபர்ம்வேர் (கருவிகளின் சிப்புக்குள் ஓடும் நிரல்) எழுதும் வேலைக்கான நேர்முகப் பரீட்சையில், என் நிரலில் 'வாலடைல்' என்று ஏன் போட்டிருக்கிறேன் எனக் கேட்டார்கள். விழித்தேன். இப்போது ஒரு பயிற்சி நிலையம் 'வேலை உறுதி' என்று சொல்லிப் பணம் கேட்கிறது. வெளிநாட்டுக்கும் அனுப்புவார்களாம். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம், தம்பி. அவர்களின் துண்டுப்பிரசுரத்தில் எந்தக் கம்பனி, என்ன பதவி, எவ்வளவு சம்பளம் என்று இருக்கிறதா பாருங்கள். இருக்காது. ஆளெடுப்பது கம்பனி, இவர் எதை உறுதி செய்கிறார்? மினுமினுக்கும் சான்றிதழும் எல்லோருக்கும் பொதுவான ஒரு புரொஜெக்ட்டும்தான் கிடைக்கும். மண்ணின் ஈரப்பதம் அளக்கும் ஒரே கருவியை, அதே எழுத்துப்பிழையோடு, வெவ்வேறு பிள்ளைகள் என் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கேள்வி கேட்கவே மனம் வராது.

உங்களை மடக்கிய கேள்வி அப்படியொன்றும் கடினமானதல்ல. பொத்தானை அழுத்தினால் இன்டரப்ட், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல், ஒரு மாறியை மாற்றுகிறது. திரும்பத் திரும்ப ஓடும் பிரதான லூப் அது மாறும்வரை காத்துச் சுற்றுகிறது. லூப்புக்குள் அதை யாரும் தொடாததால், நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், ஒருமுறை வாசித்த மதிப்பையே வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். 'ஒவ்வொரு தடவையும் நினைவகத்தைப் பார்' என்று அதற்குச் சொல்வதுதான் வாலடைல். அந்தச் சொல்லை நீக்கிவிட்டு ஓடவிடுங்கள். காத்திருக்கும் லூப் வெறுமையாக இருந்தால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பெரும்பாலும் அசையாது. இதைக் கண்ணால் பார்த்தவன் நேர்முகத்தில் விழிக்கமாட்டான்.

அடுத்து, 'அது போட்டால் போதுமா?' என்பார்கள். போதாது, இங்கேதான் பலர் விழுகிறார்கள். மாணவர்கள் பழகும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் சிப் 8 பிட், அதாவது ஒரு தடவைக்கு 8 பிட்தான் வாசிக்கும். 16 பிட் எண்ணை அது இரண்டு துண்டாக வாசிக்கும். எண் 255 ஆக இருக்கும்போது கீழ்த்துண்டை வாசித்துவிட்டது. அதற்குள் இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்கிவிட்டது. பிறகு மேல்துண்டை வாசிக்கிறது. புதிய மேல்துண்டின் 256, பழைய கீழ்த்துண்டின் 255, சேர்த்து உங்கள் கைக்கு வருவது 511. எந்த நேரத்திலும் அந்த மாறியில் இல்லாத எண்! இன்டரப்ட்டைச் சற்று நிறுத்தி, பிரதி எடுத்துவிட்டு, மீண்டும் திறக்க வேண்டும். 32 பிட் சிப்பில் இந்தச் சிக்கல் இல்லையே என்பீர்கள். வாசிப்பதற்கு இல்லை. ஆனால் லூப்பும் இன்டரப்ட்டும் ஒரே எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அங்கேயும் கணக்குத் தவறும். கூட்டுவதென்பது வாசித்தல், கூட்டல், எழுதுதல் என மூன்று வேலை. லூப் அதைச் செய்யும்போது நடுவில் இன்டரப்ட் புகுந்தால், அது கூட்டியது அழிந்துபோகும்.

இதைப் படிக்கும் இடத்திலேயே காட்டியிருக்க வேண்டும். நம் ஆய்வுகூடங்களில் பழுதாகிவிடும் என்று, மின் சைகைகளைத் திரையில் காட்டும் ஒஸிலோஸ்கோப்பை அலமாரியில் பூட்டிவைப்பார்கள். வெளியே வந்தால், புதிதாகச் சேர்பவனுக்கே இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்று விளம்பரம். முதல் நாள் மாலை அழைத்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொழும்புக்கு வா என்பார்கள். கினிகத்தேனை, அவிசாவளை வழியாக இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வந்தவன் என்ன பதில் சொல்வான்? முதல் சுற்றை இணையவழியில் வைக்கும்படியோ பிற்பகலுக்கு மாற்றும்படியோ கேளுங்கள். கேட்டதற்காக ஒதுக்கும் கம்பனி நமக்கு வேண்டாம்.

'பரீட்சை' என்று சொல்லி ஒரு வார வேலையை இலவசமாக வாங்குபவர்களும் உண்டு. அரை நாளுக்கு மேல் போகுமென்றால் மறுத்துவிடுங்கள்.

வெளிநாடு என்ற பேச்சு வந்தால், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அனுப்புபவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதன் இலக்கத்தை வாங்கி, பணியகத்திடமே விசாரியுங்கள். அதுவரை பாஸ்போர்ட்டும் பணமும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.